விடியற்காலையில் மட்டும் கசிந்த அமோனியா: கடலூர் ஐஸ் கம்பெனி ஒன்றில் மென்படல உணரி

பின்னணி

கடலூர் முதுநகரை ஊர்க்காரர்கள் ஓ.டி. என்றுதான் சொல்வார்கள். அங்கே மீன்பிடித் துறைமுகத்துக்கு நடந்து போகிற தூரத்தில் உள்ள ஒரு ஐஸ் கம்பெனியில் நடந்தது இது. விசைப்படகு கடலுக்குக் கிளம்புமுன் டீசலும் ஐஸும் ஏறியாக வேண்டும். அந்த ஐஸை உறைய வைப்பது அமோனியா. கம்ப்ரசர் அதை அழுத்தும். கண்டென்சரில் குளிர்ந்து திரவமாகும். ரிசீவர் தொட்டியில் சேரும். அங்கிருந்து உப்புத்தண்ணீர்த் தொட்டிக்குள் ஓடும் குழாய்களில் ஆவியாகிச் சூட்டை உறிஞ்சும். மைனஸ் 33 டிகிரியில் கொதிக்கும் பொருள் அது. விலையும் குறைவு. ஐஸ் தொழிலில் இத்தனை காலமாக அது நிலைத்திருப்பதற்கு இவைதான் காரணம்.

ஆபத்தும் அதே பொருளில்தான் இருக்கிறது. ஆள் சுவாசிக்கும் காற்றில் அமோனியா எட்டு மணி நேர வேலைக்கு 25 பி.பி.எம்., அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 25 பங்கு. 15 நிமிடத்துக்கு 35 பி.பி.எம். இவை அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நியோஷ் பரிந்துரைக்கும் வரம்புகள். 300 பி.பி.எம். வந்துவிட்டால் உயிருக்கே உடனடி ஆபத்து என்று அதே அமைப்பு சொல்கிறது. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, பக்கத்துக் குப்பங்களில் இருந்தவர்கள் மூச்சுத் திணறி வீட்டை விட்டு ஓடினார்கள். அந்தச் செய்தி ஓ.டி.யையும் கலக்கியது. இந்த ஐஸ் கம்பெனியின் மதிலுக்கு அந்தப் பக்கமே வீடுகள்.

கம்பெனியின் ஆபரேட்டர் இருபது ஆண்டுக்கு மேல் அங்கேயே வேலை செய்பவர். கசிவைக் கண்டுபிடிக்க அவரிடம் இருந்தவை இரண்டு: மூக்கு, கந்தகக் குச்சி. குச்சியைக் கொளுத்தி இணைப்புகளின் அருகே காட்டினால், அமோனியா இருக்கும் இடத்தில் வெள்ளைப் புகை எழும். நம்பகமான முறை. ஆனால் சந்தேகம் வந்த பிறகுதான் யாரும் குச்சியைக் கொளுத்துவார்கள். சந்தேகம் வருவது மூக்கால். தினமும் அதே காற்றில் நிற்பவரின் மூக்கு அந்த வாடைக்குப் பழகி மரத்துவிடும். நாங்கள் முதல்முறை உள்ளே போனபோது எனக்குக் கண் லேசாக எரிந்தது. அவர், “எனக்கு வாடையே வர்ல சார்” என்றார். பொய் சொல்லவில்லை, அவருக்கு உண்மையிலேயே வரவில்லை.

எங்கள் ஆய்வகம் புதுச்சேரியில் ஒரு கல்லூரியில் இருக்கிறது. அங்கே மென்படலங்களில், அதாவது கண்ணாடி போன்றவற்றின் மேல் பூசும் மிக மெல்லிய பூச்சுகளில், ஆராய்ச்சி செய்யும் மாணவியின் அப்பா, ஓ.டி.யில் படகு வைத்திருப்பவர். அந்தக் கம்பெனியில்தான் ஐஸ் எடுக்கிறார். முதலாளி அவரிடம் கேட்டு, அவர் மகளிடம் கேட்டு, அப்படித்தான் கசிவை மூக்கை நம்பாமல் காட்டும் ஒரு உணரியைச் செய்யும் வேலை 2024 ஜனவரியில் எங்களிடம் வந்தது.

முதல் படலம்: பி.வி.ஏ.வில் தங்கம்

எங்களுக்குக் கைவந்தது தங்க நானோ துகள். 1951-இல் டர்கெவிச் குழுவினர் விவரித்த சிட்ரேட் முறையில், தங்க உப்புக் கரைசலைக் கொதிக்க வைத்து சோடியம் சிட்ரேட் சேர்த்தால் சில நிமிடங்களில் மாதுளைச் சாறு நிறத்துக்கு வந்துவிடும். துகளின் மேற்பரப்பு எலெக்ட்ரான்கள் ஒளியோடு சேர்ந்து அலைவதால் வரும் நிறம் அது. 520 நானோமீட்டர் அலைநீளத்துக்கு அருகே உறிஞ்சல் உச்சம் இருக்கும், அதாவது அந்தப் பச்சை ஒளியைத்தான் அது அதிகம் உறிஞ்சும். துகளைச் சுற்றியுள்ள பொருளின் ஒளிவிலகல் எண் (ஒளியை அது எவ்வளவு வளைக்கும் என்பதன் அளவு) மாறினால் உச்சமும் இடம் பெயரும். அந்தப் பெயர்ச்சியை அளந்தால் வாயுவை அறியலாம் என்பது திட்டம். துகள்களைப் பாலிவினைல் ஆல்கஹால் என்ற பி.வி.ஏ. பாலிமரில் கலந்து, சுழல் மேடையில் கண்ணாடிச் சில்லின் மேல் மெல்லிய பூச்சாக்கினோம்.

ஆய்வகச் சோதனை இப்படி: உலர்ந்த நைட்ரஜனைப் படலத்தின் மேல் செலுத்தி அடிப்படை அளவைப் பதிவு செய்தோம். பிறகு அந்த நைட்ரஜனையே நீர்த்த அமோனியா கரைசலுக்குள் குமிழிகளாக விட்டு, வெளிவருவதைப் படலத்துக்குக் கொடுத்தோம். உச்சம் சில நானோமீட்டர் நீலப் பக்கம், அதாவது குறைந்த அலைநீளத்துக்கு, நகர்ந்தது. வாயுவை நிறுத்தினால் சில நொடிகளில் பழைய இடத்துக்குத் திரும்பியது. பத்து முறை செய்தாலும் அச்சு எடுத்ததுபோல் அதே வளைவு. மார்ச் மாதம் முழுக்க இதைப் பார்த்து மகிழ்ந்தோம் என்பதைப் பதிவு செய்ய வேண்டும், ஏனென்றால் தவறு இந்தப் பத்தியிலேயே இருக்கிறது.

ஏப்ரல்: களத்தில் கண்டது

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. அந்தச் சமயத்தில்தான் ஐஸ் கம்பெனிகள் இயந்திரத்தைப் பிரித்து வேலை பார்க்கும். அமோனியாவை எல்லாக் குழாய்களிலிருந்தும் இழுத்து ரிசீவரில் அடைத்துவிடுவார்கள். கருவியைப் பொருத்த அமைதியான நேரம் என்று அதைத் தேர்ந்தெடுத்தோம். பச்சை எல்.இ.டி. ஒன்று, எதிரே ஒளி டையோடு ஒன்று, நடுவே தங்கப் படலம், எண்களைச் சேமிக்க ஒரு சிறிய மின்பலகை. ரிசீவருக்கு மேலே சுவரில் மாட்டினோம்.

மூன்றாம் நாள் மாணவி தொலைபேசியில் அழைத்தாள். விடியற்காலை நாலு மணிக்கு மேல் சமிக்ஞை ஏறி, ஏழரைக்குள் இறங்கியிருக்கிறது. முந்தைய இரண்டு நாளும் அப்படியே. இயந்திரம் நின்றிருக்கும்போது, ரிசீவருக்கு மேலே, அதே நேரத்தில்.

ரிசீவர் வால்வில் கசிவு என்று நான்தான் சொன்னேன். முதலாளி தயங்கவில்லை, அன்றே வெளியூரிலிருந்து மெக்கானிக்கை வரவழைத்தார். மறுநாள் விடியற்காலை மூன்று மணியிலிருந்து ஆபரேட்டரும் மெக்கானிக்கும் ஒவ்வொரு இணைப்பிலும் கந்தகக் குச்சியைக் காட்டிக்கொண்டு போனார்கள். எங்கள் கருவியில் எண் ஏறிக்கொண்டே இருந்தது. குச்சியின் நுனியில் ஒரு இழை வெள்ளைப் புகைகூட எழவில்லை. சிவப்பு லிட்மஸ் தாளை நனைத்துக் காட்டினோம், சிவப்பாகவே இருந்தது.

ஆபரேட்டர் மாணவியிடம், “பாப்பா, உங்க மெசினுக்கு விடிகாலைல குளுருது போல” என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். அந்த வார்த்தை சரியான விடைக்கு எவ்வளவு பக்கத்தில் இருந்தது என்பது எங்களுக்கு நாலு நாள் கழித்துத்தான் உறைத்தது.

தண்ணீர் பாட்டில்

ஆய்வகம் திரும்பியதும் மாணவி ஒரே ஒரு சோதனை செய்தாள். குமிழி பாட்டிலில் அமோனியா கரைசலுக்குப் பதில் வெறும் காய்ச்சி வடித்த நீரை ஊற்றி, மற்ற எல்லாவற்றையும் அப்படியே வைத்தாள். வந்த வளைவை மார்ச் மாத வளைவின் மேல் வைத்தால் இரண்டுக்கும் வித்தியாசம் சொல்ல முடியவில்லை.

நாங்கள் அளந்துகொண்டிருந்தது தண்ணீரை. கரைசலுக்குள் புகுந்து வரும் நைட்ரஜன் அமோனியாவை மட்டுமா அள்ளி வரும்? கிட்டத்தட்ட முழு ஈரப்பதத்தோடு வரும். அடிப்படை அளவோ எலும்பாய் உலர்ந்த நைட்ரஜனில் எடுத்தது. பி.வி.ஏ. ஈரத்தை விரும்பி உறிஞ்சும் பாலிமர். நீர் புகுந்தால் உப்பும். அதன் ஒளிவிலகல் எண் சுமார் 1.5, நீருடையது 1.33. இரண்டும் கலக்கும்போது துகளைச் சுற்றியுள்ள எண் குறைந்து, உச்சம் நீலப் பக்கம் நகரும்.

இதில் எனக்கு இன்னும் வலிப்பது அந்தத் திசைதான். அமோனியா தங்கத்தின் மேல் ஒட்டினாலும் சரி, துகள்களை ஒன்றுகூட்டித் திரளச் செய்தாலும் சரி, உச்சம் சிவப்புப் பக்கம்தான் போக வேண்டும். எங்கள் படலம் முதல் நாளிலிருந்தே நீலப் பக்கம் போனது. ‘இது நீங்கள் நினைக்கும் பொருள் அல்ல’ என்று தரவு மார்ச்சிலேயே சொல்லிவிட்டது. மாணவி ஒருமுறை கேட்கவும் செய்தாள், “ஏன் சார் இந்தப் பக்கம் நகருது?” என்று. படலம் உப்புவதால் இருக்கலாம் என்று சரியான பதிலைச் சொல்லிவிட்டு, எதனால் உப்புகிறது என்று கேட்காமல் கடந்துபோனேன்.

களத்தில் விடியற்காலை கதையும் அதேதான். கடலோர ஊரில் இரவு வெப்பம் இறங்க இறங்க ஒப்பு ஈரப்பதம் ஏறும். சூரியன் வந்ததும் இறங்கும். ஈரத் தரை, மூடிய கட்டடம். எங்கள் கருவி நல்ல ஈரப்பதமானியாக வேலை செய்திருக்கிறது.

எடுத்த முடிவுகள்

முதலில் முதலாளியிடம் நேரில் போய்ச் சொன்னோம். கசிவு இல்லை, தவறு எங்களுடையது, காரணம் இது. மெக்கானிக்குக்குக் கொடுத்த கூலியைத் திருப்பித் தருவதாகச் சொன்னதற்கு அவர் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார்: இனிமேல் கருவி எதைச் சொன்னாலும், குச்சியில் புகை வந்த பிறகுதான் யாரையும் கூப்பிட வேண்டும். அதை அப்படியே ஏற்றுக்கொண்டோம். கூடவே, ஆட்களின் பாதுகாப்புக்காகக் கடையில் கிடைக்கும் மின்வேதி அமோனியா அலாரம் ஒன்றை உடனே வாங்கச் சொன்னோம். எங்களுடையது ஆராய்ச்சிப் பொருள். ஒரு மனிதரின் நுரையீரலை அதை நம்பி விடக் கூடாது.

அடுத்து, ஈரத்தை என்ன செய்வது? காற்றைச் சிலிகா ஜெல் வழியாக விட்டு உலர்த்தலாம் என்பது முதல் யோசனை. சிலிகா ஜெல் அமோனியாவையும் பிடித்து வைத்துக்கொள்ளும், ஆகவே கைவிட்டோம். நீர் ஒட்டாத பாலிமரில் தங்கத்தைப் பொதிக்கலாம் என்பது இரண்டாவது. ஈரத் தொல்லை குறையும். ஆனாலும் தங்கத்துக்கும் அமோனியாவுக்கும் இடையே சொல்லும்படியான வேதிவினை எதுவும் அங்கே நடக்காது. வெறும் ஒளிவிலகல் எண்ணை நம்பினால் 25 பி.பி.எம். அளவில் கிடைக்கும் மாற்றம் மிகமிகச் சிறிது. படலத்துக்கே அமோனியாவோடு ஒரு வினை இருக்க வேண்டும்.

அதனால் பாலிஅனிலினுக்கு மாறினோம். மின்கடத்தும் பாலிமர்களுக்காக 2000-ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவரான மக்டியார்மிட் பெரிதும் ஆராய்ந்த பொருள். அமிலம் ஏறிய நிலையில் பச்சை. அமோனியா அதன் புரோட்டானைப் பறித்தால் நீலம். பச்சை நிலையில் 800 நானோமீட்டருக்கு மேல் அகச்சிவப்பை நன்றாக உறிஞ்சும். நீலமாகும்போது அந்த உறிஞ்சல் குறைந்து, 600-ஐ ஒட்டிய சிவப்புப் பகுதியில் கூடும். ஒன்று ஏற, ஒன்று இறங்கும். ஆகவே 630-இல் ஒரு சிவப்பு எல்.இ.டி., 850-இல் ஒரு அகச்சிவப்பு எல்.இ.டி. வைத்து இரண்டின் விகிதத்தைப் பார்த்தோம். கண்ணாடியில் தூசி படிந்தாலோ பனி பூத்தாலோ இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவில் மங்கும். விகிதம் அவ்வளவாக அசையாது.

தங்கப் படலத்தைத் தூக்கி எறியவில்லை. அதைப் பாலிஅனிலின் படலத்துக்குப் பக்கத்திலேயே மாட்டினோம். பாலிஅனிலினின் நிறத்தையும் ஈரம் ஓரளவு அசைக்கும். எவ்வளவு ஈரம் என்று சொல்ல அருகில் ஒருவர் வேண்டும். அந்த வேலையை மார்ச்சிலிருந்தே அது செய்துகொண்டுதான் இருந்தது. இந்த ஆய்வில் நாங்கள் எடுத்த முடிவுகளில் எனக்குத் திருப்தியானது இது ஒன்றே.

ஈரக் காற்றில் அளவீடு

இந்த முறை உலர்ந்த நைட்ரஜன் கிடையாது. கடலூர்க் காற்றை ஆய்வகத்தில் உண்டாக்க உப்பு போதும். மூடிய பாத்திரத்தில் சாப்பாட்டு உப்பின் நிறைவுற்ற கரைசலை வைத்தால் ஒப்பு ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிற்கும். பொட்டாசியம் சல்பேட் என்றால் 97. மக்னீசியம் குளோரைடு என்றால் 33. ஆய்வகச் சோடியம் குளோரைடைத்தான் பயன்படுத்தினோம். கல்லுப்பில் மக்னீசியம் கலந்திருப்பதால் எண் சரியாக நிற்காது. மழைநாளில் உப்பு ஜாடி கசகசப்பதும் அதனால்தான்.

20 லிட்டர் கண்ணாடிக் குடுவையில் 25 பி.பி.எம். வேண்டுமானால் அரை மில்லிலிட்டர் அமோனியா வாயு போதும். ஒரு மோலார் கரைசலில் 20 மைக்ரோலிட்டர் விட்டு ஆவியாக்கினால் ஏறக்குறைய அந்த அளவு வரும். முதல் இரண்டு நாள் எண்கள் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவாக வந்தன. உப்புக் கரைசலைக் குடுவைக்குள்ளேயே விட்டிருந்தோம். அமோனியா அதில் கரைந்து போயிற்று. காற்று ஈரமானதும் கரைசலை வெளியே எடுத்துவிட்டுப் பிறகு அமோனியா விடும்படி மாற்றினோம். ஒவ்வொரு ஈரநிலைக்கும் தனி வளைவு எடுத்தோம். ஒவ்வொன்றுக்கும் அமோனியா இல்லாத ஒரு வெற்றுச் சோதனை. வெற்றுச் சோதனையை முதலில் செய்வது என்று மாணவி வழக்கமாக்கிக்கொண்டாள்.

ஜூன்: இரண்டாம் முறை

தடை முடிவதற்கு ஒரு வாரம் முன்பு மூன்று பெட்டிகளை மாட்டினோம். அமோனியா காற்றைவிட இலேசானது என்பதால் ஒன்று கூரைக்கு அடியில். திரவமாகக் கசிந்தால் குளிர்ந்த மூட்டமாகத் தரையோடு ஊரும் என்பதால் ஒன்று ரிசீவரின் கால்மட்டத்தில். மூன்றாவது கம்ப்ரசர் அருகே. நீர்த்துளி தெறிக்காமலிருக்க, பிளம்பர்கள் குழாய் மரையில் சுற்றும் வெள்ளை டெஃப்லான் டேப்பைப் பெட்டியின் வாயில் இழுத்து ஒட்டினோம். வாயுவை விடும், துளியை விடாது.

ஜூன் 15 படகுகள் கிளம்பின. கம்பெனி இரவு பகலாக ஓடியது. ஜூன் கடைசி வாரத்தில் ரிசீவர் பெட்டியின் விகிதம் மெதுவாக ஏறத் தொடங்கியது. இந்த முறை விடியற்காலையோடு அதற்குத் தொடர்பில்லை. கம்ப்ரசர் ஓடும்போது ஏறியது, நின்றால் மெல்ல இறங்கியது. தங்கப் படலம் வழக்கம்போல் விடியற்காலையில் மட்டும் ஏறி இறங்கியது. கடையில் வாங்கிய அலாரம் ஒலிக்கவில்லை. அது கூரைப் பக்கம் இருந்தது, அதன் வரம்பையும் அளவு எட்டவில்லை. ஆபரேட்டருக்கு வாடை தெரியவில்லை.

அவரை நாங்கள் அவசரப்படுத்தவில்லை. மாணவி, “மாமா, ரிசீவர் கீழ ஒருவாட்டி குச்சி காட்டிப் பாருங்களேன்” என்று மட்டும் கேட்டாள். திரவ அமோனியா வெளியேறும் வால்வின் கிளாண்டை (தண்டைச் சுற்றிக் கசிவை அடைக்கும் பகுதி) ஒட்டி மெல்லிய வெள்ளைப் புகை எழுந்தது. மூச்சுக்கவசம் போட்டுக்கொண்டு கிளாண்ட் நட்டை அவர் முறுக்கியதும் அன்றைக்கு நின்றது. அடுத்த வாரம் இயந்திரத்தை நிறுத்தி, கிளாண்டுக்குள் அடைத்திருக்கும் பேக்கிங்கை மாற்றினார்கள். உள்ளே பழைய பேக்கிங் கல்லாக இறுகிப்போயிருந்தது. விகிதம் அடிப்படைக்குத் திரும்ப அரை நாளுக்கு மேல் ஆயிற்று. அமோனியாவைப் பாலிஅனிலின் சட்டென்று விடாது.

அதன்பின் வந்த சிக்கல்கள்

ஆகஸ்டில் மூன்று பெட்டிகளும் ஒரே போக்கில் நீலமாகிக்கொண்டே வந்தன. மூன்று இடத்திலும் ஒரே நேரத்தில் ஒரே அளவு கசிவு இருக்க முடியாது. படலத்தில் நாங்கள் ஏற்றியிருந்தது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அது ஆவியாகும் அமிலம். வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகப் படலத்தை விட்டுப் போய்விட்டது. கற்பூரத்திலிருந்து செய்யப்படும் கேம்ஃபர் சல்ஃபோனிக் அமிலத்துக்கு மாறினோம். திடப்பொருள் என்பதால் அது பறந்து போகாது. அதன்பின் இந்த நகர்வு வெகுவாகக் குறைந்தது.

செப்டம்பரில் ஒரு நாள் மதியம் கம்ப்ரசர் பெட்டியில் திடீர் ஏற்றம், இறங்கவே இல்லை. குச்சியில் புகையும் இல்லை. விசாரித்தால், அன்று தரையைப் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவியிருக்கிறார்கள். அதிலிருந்து எழும் குளோரின் பாலிஅனிலினை ஆக்சிஜனேற்றம் செய்து கருநீலமாக்கிவிடும். அந்தச் சில்லு போனது போனதுதான், மாற்றினோம். கெட்டுப்போன மீனிலிருந்து வரும் டிரைமெத்தில் அமீனுக்கும் இந்தப் படலம் நிறம் மாறும். அந்தக் கம்பெனிக்குள் மீன் வைப்பதில்லை என்பதால் தப்பித்தோம்; ஏலக்கூடத்தில் மாட்டியிருந்தால் இந்தக் கருவி உதவாது.

நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. ஆய்வகத் தரைத்தளத்தில் தண்ணீர். கம்பெனியில் மின்சாரம் இல்லை, பெட்டிகள் பேட்டரியில் ஓடின. தங்கப் படலம் இரண்டு நாளாக உச்சத்திலேயே ஒட்டிக்கொண்டு நின்றது. அதற்குமேல் அது உப்ப இடமில்லை. பாலிஅனிலின் விகிதம் சிறிது ஏறி, அளவீட்டில் 97 சதவீத ஈரத்துக்கு எடுத்த வெற்று வளைவின் எல்லைக்குள்ளேயே இருந்தது. ஏப்ரலில் இப்படி ஒரு மழை வந்திருந்தால் நான் ஊரையே காலி செய்யச் சொல்லியிருப்பேன்.

மீண்டும் செய்தால் மாற்றுவது

வெறும் தண்ணீர் பாட்டிலை முதல் நாளே வைப்போம். கருவி பொருத்துமுன் ஒரு வாரம் அந்த இடத்தின் வெப்பத்தையும் ஈரத்தையும் மட்டும் பதிவு செய்வோம். அதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. எதிர்பார்த்த திசைக்கு மாறாக உச்சம் நகர்ந்தால், அதற்கு விடை தெரியும்வரை அடுத்த கட்டத்துக்குப் போக மாட்டோம். கம்பெனியில் என்னென்ன போட்டுக் கழுவுகிறார்கள் என்பதை முதல் பேச்சிலேயே ஆபரேட்டரிடம் கேட்போம். பெட்டியில் ஒரு படலத்தை முழுக்க அடைத்து வைத்து, அது தானாக எப்படி முதுமையடைகிறது என்பதையும் உடன் பார்ப்போம். ஆகஸ்ட் குழப்பம் அதனால் ஒரே நாளில் தீர்ந்திருக்கும்.

ஆபரேட்டரின் நாட்குறிப்பில் இப்போது கம்ப்ரசர் அழுத்தம், உப்புத்தண்ணீர் வெப்பம் ஆகியவற்றுக்குப் பக்கத்தில் இரண்டு புதிய பத்திகள் இருக்கின்றன. ‘பச்சை’ என்று ஒன்று, ‘ஈரம்’ என்று ஒன்று; பெயர் வைத்தது அவர்தான். பிளீச்சிங் போடும் நாளில் டெஃப்லான் வாயை மூடிவிட்டு, மூடிய நேரத்தையும் எழுதி வைக்கிறார். வீடுகள் இருக்கிற பக்கத்து மதிலிலும் ஒரு பெட்டி வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அந்தப் பக்கம் வெயில் நேராக விழும்; படலத்துக்கு நிழல் கூடு எப்படிச் செய்வது என்று மாணவி வரைந்துகொண்டிருக்கிறாள்.